மாலை மின்சாரத்தில் கேட்ட இசைத்தட்டுகள்

1

இந்தியாவைப் பற்றி எழுதித் தாருங்கள் என்றுதான் நம் பத்திரிகை ஆசிரியர் கேட்டார். நான் இலங்கையிலிருந்து தனுஷ்கோடியில் வந்து இறங்கி இந்த மாதத்தோடு மூன்று வருஷம். இந்த மூன்று வருஷத்தில் இந்தியாவைப் பற்றி உருப்படியாக நான்கு வரி எழுதியிருப்பேனா என்பது சந்தேகம். அரிசி என்ன விலை, வேலை கிடைக்குமா, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்களா என்று ஹட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் நீங்கள் கேட்டுக் கேட்டு எழுதினீர்கள். நான் சாக்ஸபோனைப் பற்றிப் பதில் எழுதினேன். ஆசிரியரும் இளகிய மனசுக்காரர். பக்கம் நிரம்பினால் சரி என்று அச்சுக் கோத்துவிட்டார்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பு மக்கள் உண்டாக்கிய இசை. ட்ரம்பெட், கிளாரினெட், சாக்ஸபோன், பியானோ எல்லாம் கூடிக்கொண்டு, எழுதி வைத்ததைப் பாதியும் மனசில் பட்டதை மீதியுமாக வாசிப்பார்கள். புதிதாக வரும் தட்டுகளையும், பழைய பதிவுகளை நீண்ட தட்டு என்னும் எல்.பி.யில் மறுபடி அச்சடித்து விடுபவற்றையும் கேட்டு, நல்லது கெட்டது சொல்வது என் சோலி. நம் மலைநாட்டில் ஜாஸ் விமர்சகன் என்று ஒருவன் இருந்தால் அது நான்தான். போட்டிக்கு ஆள் வராததால் பட்டம் நிலைத்துவிட்டது.

அந்தப் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் இந்த மாதம் உட்கார்ந்திருக்கிறேன். நான் எழுதிய விமர்சனங்களில் ஒன்றைத் தவிர மற்ற அத்தனையும் தவறு. எப்படித் தவறின என்று ஒளிக்காமல் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். மருதமுத்து மட்டும் பாதியில் தூக்கிப் போடாமல் கடைசிவரை படிக்க வேண்டும்.

2

மருதமுத்துவும் நானும் ஹட்டன் பக்கத்துத் துரைமார் கிளப் ஒன்றில் பதினோரு வருஷம் மேசை துடைத்தவர்கள். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிளப்புக்கு மின்சாரத்தில் தட்டுச் சுற்றும் ரேடியோகிராம் வந்தபோது, கையால் சாவி கொடுக்கும் பழைய கிராமபோனை எங்கள் அறையில் தள்ளிவிட்டார்கள். கூடவே கீறல் விழுந்த ஒரு தட்டும் வந்தது. லேபிள் கிழிந்து போனதால் அதன் பெயர் எங்களுக்குத் தெரியாது. அதில் கிளாரினெட் வாசிக்கிறவர், வேலிக்குள் புகுந்த கோழியை வீட்டுக்காரி விரட்டுவது போல வாசிப்பார். அதனால் அதற்குக் ‘கோழி’ என்று பேர் வைத்தோம். இரண்டு பக்கமும் கோழிதான். முதல் பக்கத்தில் கோழி ஓடும், மறுபக்கத்தில் தப்பித்துவிடும்.

கிளப்பின் தலைமைப் பட்லரைப் பெரிய அப்பு என்போம். சாயங்காலத் தேநீரை அவர் வராந்தாவுக்கு எடுத்துப் போய், துரைமாரின் வசவை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து மணி அடிக்க ஆறு நிமிஷம் ஆகும். அந்த ஆறு நிமிஷம் எங்களுடையது. தினமும் இரண்டு பக்கத்தையும் கேட்டு முடிப்போம். மணி அடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவோம். வேறு எந்தச் சங்கீதமும் எங்களுக்கு அப்படி உள்ளே இறங்கியதில்லை.

பிறகு, இலங்கைப் பிரஜையா இந்தியப் பிரஜையா என்று ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டிய பாஸ்போர்ட் பேச்சு வந்தது. அதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, உங்கள் வீட்டிலும் வந்திருக்கும். நான் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். மருதமுத்து இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டான்.

“நீ போற ஊர்ல ஒன்னைய பேர் சொல்லிக் கூப்பிட ஒருத்தன் இருக்கானாடா, பெருமாளு?” என்றான்.

“இங்க இருந்து மட்டும் என்னத்தக் கண்டோம்?” என்றேன்.

“கோழி இருக்குல்ல.”

“அதை எனக்குக் குடுத்திரு. நீ இங்கதானே இருக்கப் போற. ஒனக்கு வேற கெடைக்கும்.”

“போறவன் வெறுங்கையோட போ,” என்று கிராமபோன் மூடியை அடித்துச் சாத்தினான். நான் ரயில் ஏறிய அன்று ஹட்டன் ஸ்டேஷனுக்கு அவன் வரவில்லை. வண்டி நகரும்வரை மேடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் பின் அவன் கடிதம் போடவில்லை. நானும் வீம்புக்குப் போடவில்லை. இந்தப் பத்தியை அவன் படிப்பான் என்ற ஒரே நினைப்பில்தான், அரிசி விலையை விட்டுவிட்டு மாதா மாதம் சாக்ஸபோனைப் பற்றி எழுதினேன். இன்று ஒப்புக்கொள்கிறேன்.

3

கொடைக்கானலுக்கு ஏன் வந்தேன் என்றால், இறங்கியதும் தங்கவைத்த மண்டபம் முகாமில் ஒருவர், “நம்ம நுவரெலியா மாதிரியே குளிர், ஏரி, வெள்ளைக்காரன்” என்றார். மூன்றும் இருந்தன. தேயிலை மட்டும் கண்ணில் படவில்லை. அதற்குப் பதிலாகப் பூம்பாறையிலிருந்து பஸ் நிறையப் பூண்டு வந்து இறங்குகிறது. ஏரிக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் சாப்பாட்டுக் கூடத்துக்கு மேற்பார்வை. மேசை துடைக்கிறவர்களைப் பார்த்துக்கொள்கிற அளவுக்கு உயர்ந்துவிட்டேன்.

அங்கே நம்மை இந்தியாக்காரன் என்றார்கள் அல்லவா? இங்கே என் பேர் சிலோன் பெருமாள். ரேஷன் கார்டு ஆபீஸில் பூர்வீக ஊர் என்ன என்று கேட்டார்கள். பாட்டன் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. குமாஸ்தா பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் காத்திருந்தார். “பாச்சலூர்னு போட்டுக்கவாங்க? எங்க மாமியார் ஊரு. நல்ல ஊர்தான்” என்றார். ஆகவே நான் பாச்சலூர்க்காரன். இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

என் மகள் ஜெயாவுக்குப் பன்னிரண்டு வயது. கான்வென்டில் படிக்கிறாள், பியானோவும் கற்றுக்கொள்கிறாள். வந்த புதிதில் அவளும் ரயிலைக் ‘கோச்சி’ என்றுதான் சொன்னாள். இப்போது நான் சொன்னால், “ஐயோ அப்பா, ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி அப்படிச் சொல்லாதீங்க” என்கிறாள். என் இசைத்தட்டு அவளுக்கு ரெக்கார்டு. என் ஜாஸ் அவளுக்குத் தலைவலி.

சீசனில் கீழேயிருந்து மிஷன் குடும்பங்கள் மலையேறி வரும். அமெரிக்காவிலிருந்து உறவுக்காரர்கள் அவர்களுக்குப் புதுத் தட்டுகள் அனுப்புவார்கள். நம் ஊரில் குழம்புக் கிண்ணம் வீடு வீடாகப் போவது போல இங்கே தட்டு பங்களா பங்களாவாகப் போகும். எனக்கும் ஒரு ராத்திரிக்குக் கடன் கிடைக்கும். ஊர் திரும்பிய ஒரு பாதிரியார் குடும்பம் விற்றுவிட்டுப் போன ரேடியோகிராம் எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கிறது. தேநீர் முடிந்து இரவுச் சாப்பாட்டுக்கு மேசை போடும்வரை, ஆறிலிருந்து ஏழரை மணிக்குள் அதில் போட்டுக் கேட்டு, குறிப்பெடுத்து, மறுநாள் திருப்பிவிடுவேன். இந்த நேரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வினையும் அதில்தான் கிடந்தது.

4

நான்கு மாதம் முன்பு ஆசிரியர் ஒரு பார்சல் அனுப்பினார். கொழும்புக் கடை விமர்சனத்துக்குக் கொடுத்த நீண்ட தட்டு. பழைய காலத்து ஆற்றங்கரை நகர வாத்தியக் குழுக்களின் பதிவுகளைத் திரட்டி மறுபடி அச்சடித்தது.

அதை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்த தட்டு, உள்ளே ஆட்சேபகரமான பேச்சு ஏதும் இல்லை என்று பார்த்துத்தான் தரமுடியும் என்றார் தபாலாபீஸில் பார்சல் பார்க்கும் அதிகாரி. கேட்டுப் பாருங்கள் என்றேன். ஆபீஸில் கேட்பதற்குக் கருவி இல்லை. கடைசியில் தட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவரே மாலை ஆறரைக்கு ஹோட்டலுக்கு வந்தார். மப்ளரை அவிழ்க்காமல் உட்கார்ந்து, வாழைக்காய் பஜ்ஜி ஒரு தட்டு தின்று, ஒரு பக்கம் முழுவதும் கேட்டார்.

“பேச்சு எதுவும் இல்லீங்க. ஆனா ரொம்பச் சோகமா இருக்கே. யாரும் தவறிட்டாங்களா?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் காதை அன்று நான் மதிக்கவில்லை.

அவர் போன பிறகு மறுபக்கம் போட்டேன். மூன்றாவது பதிவு தொடங்கியதும் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. கோழி. பேர் தெரியாமல் பதினோரு வருஷம் கேட்ட அதே கோழி, அடுத்தடுத்து இரண்டு பாகமும். ஆனால் ஓடவில்லை, நொண்டியது. கிளாரினெட் சளிப் பிடித்தது போல இழுத்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்றே விமர்சனம் எழுதினேன். நீங்கள் படித்திருப்பீர்கள். ‘மறுபதிப்பு என்ற பேரில் வேகத்தைக் குறைத்து ஊரை ஏமாற்றுகிறார்கள், கோழியை அடித்துக் குழம்பு வைத்துவிட்டார்கள்’ என்று முடித்திருந்தேன். மருதமுத்து படித்து மனசு இளகுவான் என்று எண்ணம்.

அடுத்த இதழில் வாசகர் கடிதம் வந்தது. ‘விமர்சகர் ஐயா இந்தியாவுக்குப் போய் மூன்று வருஷத்தில் பாட்டை மறந்துவிட்டார். அதே ஆட்கள் அன்று வாசித்த அதே பதிவுதானே, மறுபடி அச்சடித்தால் எப்படி மெதுவாகும்? ஆள்தான் மெதுவாகிவிட்டார். பழைய தட்டு என்னிடம் இருக்கிறது. கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். மருதமுத்து, ஹட்டன்.’

மூன்று வருஷம் கழித்து அவனிடமிருந்து வந்த முதல் வார்த்தை அது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறந்துவிட்டார் என்று எழுதியிருந்தான். பாஸ்போர்ட், வீடு, ஸ்டேஷன் மேடை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எழுதினான் என்று எனக்குத் தெரியாதா? மறக்கவில்லை என்று அவனுக்குக் காட்டியே தீர வேண்டும் என்று ஆகிவிட்டது.

5

கண்டுபிடித்தது நான் இல்லை. எங்கள் ஹோட்டலில் மேசை துடைக்கும் பூம்பாறைச் செல்லையா. ஒரு மாலை நான் தட்டின் மேல் காதை வைத்துப் படுக்காத குறையாகக் குனிந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார்.

“எதுக்குங்க அதைப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க?”

“மெதுவாச் சுத்துது செல்லையா.”

“பின்ன வெரசாவா சுத்தும்? மேல பல்பைப் பாருங்க, பூசணிப் பூ மாதிரி கெடக்கு. ஆறு மணியானா அத்தனை பங்களாவுலயும் ஹீட்டரைப் போட்டுர்றாங்க. நம்ம வரைக்கும் கரண்டு எங்கிட்டு வரும்? வெள்ளனே எந்திரிச்சு வந்து போடுங்க.”

மூன்று வருஷமாக அந்தப் பல்பின் கீழே உட்கார்ந்து குறிப்பெடுத்தவன் நான். மங்கலாக எரிகிறதே என்று மூக்குக் கண்ணாடியை மாற்றினேனே தவிர, அதே மின்சாரம்தான் தட்டையும் சுற்றுகிறது என்று தோன்றவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கூடத்தைத் திறந்தேன். ஏரி மேல் பனி, எந்தப் பங்களாவிலும் விளக்கு இல்லை. பல்பைப் பார்க்கக் கண் கூசியது. கோழி எழுந்து ஓடியது.

6

பிறகு ஒரு வாரம் காலைகளில் கடன் கேட்டு, பழைய தட்டுகளை எல்லாம் திரும்ப வாங்கிப் போட்டேன். கீழே வருபவை திருத்தங்கள். பழைய இதழ்களை வைத்திருப்பவர்கள் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

முதல் வருஷம், நால்வர் குழு ஒன்றின் பியானோத் தட்டு. ‘ஏரியில் பனி இறங்குவது போன்ற நிதானம்’ என்று எழுதினேன். காலையில் அது தேயிலைத் தொழிற்சாலை உருளை மாதிரி கடகடவென்று போகிறது. நிதானம் முழுவதும் மின்சாரத்தினுடையது.

பதினாறு பேர் கொண்ட பெரிய பாண்ட். ‘யானை நடை’ என்றேன். பதினாறு பேரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள்.

ஒரு பாடகி. இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அவர் குரலில் தெரியும் துயரத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதினேன். வாழ்க்கையில் பெரிதாக எதையோ பறிகொடுத்தவர் என்று நானாகவே முடிவு செய்து, என்னவாக இருக்கும் என்று ஊகமும் சொல்லியிருந்தேன். நானுஓயாவிலிருந்து ஒரு அம்மாள், அந்தப் பெண்ணுக்காக மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியதாக எழுதியிருந்தார். அம்மா, மன்னிக்க வேண்டும். காலையில் கேட்டால் அது இருபது வயசுப் பெண், நடுநடுவே சிரிப்பை அடக்க முடியாமல் பாடுகிறது. மெழுகுவர்த்தி வீண் போகாது, என் பேருக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்து, யுத்தத்துக்குப் பின் வந்த அதிவேகப் பாணியில் ஒரு சாக்ஸபோன்காரர். ‘இந்தப் பாணி புரியாது என்பவர்கள் காது கொடுத்துக் கேட்பதில்லை, எனக்கு ஒவ்வொரு சுரமும் புரிந்தது’ என்று மார் தட்டியிருந்தேன். காலையில் ஒரு சுரம்கூடப் புரியவில்லை. இதை மட்டும் இனியும் மாலையிலேயே கேட்பதாக உத்தேசம்.

பிரேசில் நாட்டுக் கிதாரோடு கலந்து வரும் புது மெட்டு. ‘வாசிப்பவர் தூங்கிவிட்டார்’ என்று எழுதினேன். காலையிலும் தூங்குகிறார். தப்பிப் பிழைத்த விமர்சனம் இது ஒன்றுதான்.

7

இத்தோடு முடிந்திருந்தால் மின்சாரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். முடியவில்லை. காலையில் ஓடிய கோழிகூட என் மனசில் ஓடும் கோழி அளவுக்கு ஓடவில்லை. பல்பு பளிச்சென்று எரிகிறது, தட்டில் குறை இல்லை. அப்படியானால் குறை எங்கே? மருதமுத்து சொன்னதுதான் உண்மையோ என்று அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெயாவை எழுப்பிக் கூட்டிப் போனேன். கூடத்து மூலையில் பியானோ ஒன்று இருக்கிறது. சீசனுக்கு முன்னால் மதுரையிலிருந்து ஆள் வந்து சுருதி சேர்த்துவிட்டுப் போயிருந்தார். முனகிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

“அந்த ரெக்கார்டைப் போடுங்க,” என்றாள். போட்டேன். நாலு கட்டையைத் தட்டிப் பார்த்தாள். “கரெக்டா கட்டை மேல உக்காருது. சாயங்காலம் நீங்க போடுறப்ப எந்தக் கட்டையிலயும் உக்காராது. ரெண்டு கட்டைக்கு நடுவுல தொங்கும். நான் எத்தனையோ தடவ நெனச்சிருக்கேன்.”

“நெனச்சிருந்தா சொல்லக்கூடாதா?”

“ஜாஸ்னா அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன். இப்ப ஒங்க பாட்டை விசில் அடிங்க.”

அடித்தேன். தேடிக் கட்டையைத் தொட்டாள். “இது மேல இருக்கு. ரெக்கார்டைவிட ஒரு முழு சுரம் மேல.”

“அப்ப நான் மறந்துட்டேன்.”

“இன்னொரு தடவ அடிங்க.” அடித்தேன். கதவுப் பக்கம் போய் நின்று அடிக்கச் சொன்னாள். ஒரு டம்ளர் தண்ணி குடித்துவிட்டு அடிக்கச் சொன்னாள். அவள் விரல் அதே கட்டையில்தான் இருந்தது. “மறந்திருந்தா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடத்துல நிக்கும்பா. நீங்க அதே எடத்துல போய் நிக்கிறீங்க. எங்க மிஸ்ஸுக்கே இப்படி வராது. ரெக்கார்டு வேகமாச் சுத்துனா சுருதியும் மேல ஏறும். நீங்க அந்தப் பாட்டை வேற ஸ்பீடுலதான் கேட்டிருக்கீங்க.”

வேற ஸ்பீடு என்றதும் எனக்கு அந்தக் கிராமபோன் கண்ணில் வந்தது. சுழலும் தட்டுக்குப் பக்கத்தில் வேகத் திருகு ஒன்று இருக்கும். முதல் வாரம் கோழியின் மறுபக்கம் முடிவதற்குள் பெரிய அப்புவின் மணி அடித்துவிட்டது. கோழி தப்பித்ததா இல்லையா என்று தெரியாமல் ஓடினோம். மறுநாள் மருதமுத்து கரண்டிக் காம்பால் அந்தத் திருகை முறுக்கினான். “இப்ப ஆறு நிமிசத்துக்குள்ள தப்பிச்சிரும்,” என்றான். அதன் பின் பதினோரு வருஷம் அதை யாரும் தொடவில்லை.

அந்தக் குழு வாசித்த வேகத்தில் அந்தப் பாட்டை நாங்கள் இருவரும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. பெரிய அப்புவுக்குப் பயந்த வேகத்தில்தான் கேட்டிருக்கிறோம். அதை நானும் மறக்கவில்லை, அவனும் மறக்கவில்லை.

எனக்குத் தாங்காத சிரிப்பு வந்தது. ஜெயாவிடம் கதையைச் சொன்னேன். கிளப், மணி, கரண்டிக் காம்பு எல்லாவற்றையும். அவள் பிறந்த ஊர்க் கதையை அவள் முழுசாக உட்கார்ந்து கேட்டது அன்றுதான். அன்றைக்கே வீம்பை விட்டு மருதமுத்துவுக்கு எல்லாவற்றையும், பாச்சலூர் கதையையும் சேர்த்து, எழுதித் தபாலில் போட்டேன். திருகைத் தளர்த்திப் பார் என்று எழுதினேன். ஸ்டேஷனைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

8

இதுவரை எழுதி வைத்துவிட்டு ஆசிரியருக்கு அனுப்பக் காத்திருந்தேன். இன்று மாலைத் தபாலில் பதில் வந்தது. அவன் எழுதியபடியே தருகிறேன்.

‘பெருமாளு, திருகைத் தளத்திப் பாத்தேன். நீ சொன்னது மெய்தான். நல்ல பாட்டு. ஆனா நம்ம பாட்டு இல்ல. திரும்ப முறுக்கிட்டேன். பெரிய அப்பு செத்து ஒரு வருசம் ஆச்சு, இப்ப மணி அடிக்க ஆள் இல்ல, ஆனாலும் ஆறு நிமிசத்துலதான் கேக்குறேன்.

நீ கேக்கல, நானே சொல்றேன். அன்னைக்கு நான் ஸ்டேசனுக்குப் பொறப்பட்டுட்டேன்டா. கோழியைத் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்தப்ப உள்ள மணி அடிச்சிருச்சு. பழக்க தோசம், காலு தானா உள்ள ஓடிருச்சு. ஒரு ட்ரேயைத் தூக்கி வச்சுட்டு வந்தேன், ஆறு நிமிசம் ஆயிருக்கும். ஸ்டேசனுக்கு வந்து பாத்தா கோச்சியோட கடைசிப் பொட்டி வளைவுல திரும்புது. ஒனக்குக் குடுக்கத்தான் கொண்டாந்தேன். அந்த வெக்கத்துல எழுதல. மனுவுக்கு இன்னும் பதில் வரல. பாச்சலூர் எப்படி ஊருன்னு எழுது.’

ஜெயா பக்கத்து மேசையில் வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். பாதிக்கு மேல் போக முடியவில்லை.

“பல்பு ரொம்ப மங்கலா இருக்கு, எழுத்துத் தெரியல,” என்றேன்.

அவள் நிமிர்ந்து பல்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“சீசன்தான் முடிஞ்சிருச்சேப்பா. பல்பு நல்லாத்தான் எரியுது,” என்றாள். நோட்டை மூடி வைத்துவிட்டுக் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கினாள். கோச்சி என்ற இடத்தில் கோச்சி என்றே வாசித்தாள்.